அப்பா செவிடாக இருந்த காலம்

பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்பு அங்கியை வாடகைக்குத் தருவார்கள் என்று காலேஜில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொல்ல நான் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை கத்தியபோது, சுவருக்கு அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து, "தொவச்சுக் குடுப்பானுங்களான்னு கேட்டுக்க தம்பி" என்று குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா தலையை ஆட்டினார்.

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பிரச்சினையே அதுதான்.

அப்பா தெர்மலில், கம்பெனியின் அனல்மின் நிலையத்தில், டர்பைன் ஆபரேட்டர். ரிட்டையர் ஆக அதிக காலம் இல்லை. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கல்யாணமான புதிதில் விருதுநகர் பக்கத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அங்கே இப்போது எங்களுக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. நானும் தங்கச்சியும் பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரியில், படித்தது கம்பெனி ஸ்கூலில், வீட்டில் எரிவது கம்பெனி கரண்ட், குளிப்பது கம்பெனித் தண்ணி. எனக்கு வேலை கிடைத்துப் பெர்மனென்ட் ஆனால் அந்த வாழ்க்கை அப்படியே என் பேருக்கு மாறும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு நாலு பேரும் எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்றே தெரியாது.

வேலை கிடைக்க ஒரே ஒரு வழி இருப்பதாக கம்பெனி டவுன்ஷிப் முழுக்கப் பேச்சு. சர்வீஸில் இருக்கும்போதே ஒருத்தர் மெடிக்கல் அன்ஃபிட் ஆகிவிட்டால் அவர் பையனை எடுத்துக்கொள்வார்கள். சைக்கிள் ஸ்டாண்டில், ரேஷன் க்யூவில், கோயில் வாசலில், எங்கே நாலு பேர் நின்றாலும் யாருக்கு என்ன வியாதி, மெடிக்கல் போர்டு எப்போது என்பதுதான் பேச்சு. வேறு ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் வீட்டில் அழுவார்கள். எங்கள் ப்ளாக்கில் "பரவால்ல, பையன் செட்டில் ஆயிட்டான்" என்பார்கள். என்னோடு படித்தவன் ஒருத்தன் பத்தாவதில் கோட்டை விட்டவன். அவன் அப்பாவுக்குக் கண்ணில் ஏதோ வந்தது, அவன் உள்ளே போய்விட்டான். இப்போது பெர்மனென்ட், புல்லட் வாங்கப்போகிறானாம். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முதல் வகுப்பு. தண்டச்சோற்றிலும் அது முதல் வகுப்புதான்.

காது என்ற யோசனையைக் கொடுத்தவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா. குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர், மைன்ஸில் வேலை. அப்பாவோடு நெருக்கம்.

"காதுதாண்ணே சரி" என்றார். "கண்ணுன்னா மிசின வச்சுப் பாத்துருவானுங்க. நெஞ்சுன்னா ஊசி போட்டே கொன்னுருவானுங்க. காது அப்புடி இல்ல. கேக்கலன்னா கேக்கலதான். உள்ள பூந்து பாக்கவா போறானுங்க? அதுவும் உங்குளுக்கு டர்பைன் சத்தத்துல நின்ன காது. எவனும் சந்தேகப்பட மாட்டான்."

டர்பைன் சத்தத்தில் நின்ற காதுதான். அதில் கொஞ்சம் ரீங்காரமும் இருந்தது. ஆனால் அன்ஃபிட் ஆக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. அந்த மீதியை நாங்கள்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

டாக்டர்கள் பின்னால் நின்றுகொண்டு தரையில் காசைப் போடுவார்களாம். திரும்பிப் பார்த்தால் போச்சு. மாமா இதைச் சொன்ன அன்றிலிருந்து தங்கச்சிக்கு அதுதான் வேலை. அப்பா சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, ஷேவ் பண்ணும்போது, திடீரென்று பின்னால் போய் எவர்சில்வர் மூடியைத் தரையில் போடுவாள். முதல் வாரம் அப்பா ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். ஷேவிங்கின்போது கன்னத்தைக் கீறிக்கொண்டார். அப்புறம் கண் இமை மட்டும் துடித்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. தங்கச்சி அண்டாவையே உருட்டினாலும் அப்பா ஸ்போர்ட்ஸ் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

வீட்டில் அவரோடு சாதாரணமாகப் பேச ஒரே இடம் பாத்ரூம் பக்கம். பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டால் சுவர் தாண்டி எதுவும் போகாது. ஒருநாள் அங்கே நின்று, எப்படிப்பா இமைகூட அசையாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சா டர்பைன நெனச்சுக்குவேன்" என்றார். "அது எல்லாச் சத்தத்தையும் முழுங்கிரும்."

பக்கத்து மாமாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். மறுபக்கம், எதிர்ப்பக்கம், பின்பக்கம், எல்லாமே கம்பெனிக் குடும்பங்கள். அதனால் அம்மா வீட்டுக்குள்ளேயும் கத்த வேண்டியிருந்தது. அம்மா கத்தியதில் எங்கள் குடும்ப ரகசியம் எல்லாம் ப்ளாக்குக்கே பொதுச்சொத்தானது. அப்பாவுக்கு எப்போது வயிறு சரியில்லை, பெரியம்மா யாரோடு சண்டை, எனக்கு எத்தனை தடவை டைப்ரைட்டிங் ஹையர் போச்சு, எல்லாம் தண்ணி லாரிக்காரன் வரைக்கும் தெரியும். ஆரம்பத்தில் நானும் தங்கச்சியும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்ல முடியவில்லை. போகப்போக எங்கள் வீட்டில் கத்திச் சொல்லக்கூடியது மட்டும்தான் பேச்சாக இருந்தது. சாப்பாடு ரெடி. தண்ணி வந்துருச்சு. பால்காரன். அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது அம்மா சோறு போட்டுக்கொண்டே தணிந்த குரலில் அன்றைய கதையையெல்லாம் சொல்வாள், அது ஒரு பழக்கம். அது போய்விட்டது. ஒரு பொம்பளை தன் புருஷனிடம் ஆசையாகச் சொல்வதை எப்படி நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவாள். அப்பா ரேடியோவைத் தொடுவதில்லை. செய்தி நேரத்தில் பக்கத்து மாமா தன் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அப்பா சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எதையும் கேட்காதவர் மாதிரி உட்கார்ந்து கேட்பார்.

ஆஸ்பத்திரியில் முதல் டெஸ்ட்டில் காது டாக்டர் ஒரு இரும்பைத் தட்டிக் காதருகே வைத்தார், ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்தார், பின்னால் நின்று என்னென்னவோ சொன்னார். கூடப் போன தங்கச்சி வந்து, அப்பா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்றாள். காது கேட்பது ரொம்பக் குறைவு என்று எழுதி மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார் டாக்டர். போர்டு தேதியும் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு அடுத்த வாரம்.

பக்கத்து மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார். "போர்டு முடியிற வரைக்கும் ஷிப்ட்டு, வூடு, அவ்ளோதான். விழாவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பத்து பேரு கூடுற எடத்துல எங்கன்னா ஒரு எடத்துல திரும்பிப் பாத்துட்டீங்கன்னா?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான் மட்டும் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். இல்லாவிட்டால் போகவே வேண்டாம், சர்டிபிகேட்டைப் பிறகு ஆபீஸில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அம்மா பீரோவைத் திறந்து தன் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் டிகிரி வாங்குகிற முதல் ஆள் நான்.

அப்பா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் காது கேக்காதவன்தான. கண்ணு தெரியாதவன் இல்லல்ல? பாக்கலாம்ல?"



காலேஜ் கடலூரில். தினமும் நான் பஸ்ஸில் போய்வந்த ரூட்தான், ஆனால் அன்றைக்கு நாலு பேரும் கிளம்பியது ஏதோ பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. அப்பா தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. தங்கச்சி தலையில் ஒரு முழத்துக்கு மேல் கனகாம்பரம். வடலூர் வரை பஸ்ஸில் பாதி முகம் தெரிந்த முகம். ஒருத்தர் அப்பாவின் தோளைத் தட்டி, தன் காதைத் தொட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கையால் கேட்டார். அப்பா கையை விரித்தார். அவர் உடனே என்னிடம் குனிந்து, "போர்டு எப்ப தம்பி?" என்றார். சொன்னேன். "ஆயிரும், ஆயிரும். மூஞ்சப் பாத்தாலே தெரியுது, சுத்தமா கேக்கல" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வடலூரில் இறங்கினார். குறிஞ்சிப்பாடியில் தறித்துணி மூட்டையோடு நாலைந்து பேர் ஏறினார்கள். கடைசியாக இருந்த இரண்டு டவுன்ஷிப் முகங்களும் அங்கே இறங்கிவிட்டன.

குள்ளஞ்சாவடி தாண்டியதும் அப்பா ஒரு தடவை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் சாய்ந்து மெதுவாக, "பசிக்குதா?" என்றார்.

"இல்லைங்க" என்று அம்மா பழக்கத்தில் கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அப்பா சிரித்தார். "கத்தாதடி. இங்க எனக்குக் காது கேக்கும்."

அதற்குப் பிறகு அவர் வாயை மூடவே இல்லை. வெளியே நடவு நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்கள் தாத்தாவின் நிலம் போன கதையைச் சொன்னார். தங்கச்சியிடம் உன் ஸ்கூலில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு டீச்சராகக் கேட்டார். ஆலப்பாக்கம் போகிற வழியைக் காட்டி, வேலைக்கு வந்த புதிதில் ஒரு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி அங்கே போய் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். டீக்கடை ஓரம் பஸ் நின்றபோது உள்ளே ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரை அப்பா ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக் கேட்டார். பாட்டு முடிவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டான். அப்பா அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா "ச்சீ, புள்ளைங்க இருக்கு" என்று அவர் தொடையில் அடித்தாள். ஆறேழு மாதம் உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பி.எஸ்ஸி. ஃபர்ஸ்ட் கிளாஸ் பஸ்ஸில் அழுதால் நன்றாக இருக்காது.

காலேஜில் அங்கியை மாட்டிக்கொண்டு நான் பட்டம் வாங்குகிறவர்களோடு முன்வரிசைக்குப் போய்விட்டேன். அங்கி எனக்கு ஒரு சைஸ் பெரியது, வக்கீலிடம் கடன் வாங்கியது மாதிரி இருந்தது. குடும்பத்தினருக்கு எங்களுக்குப் பின்னால் இடம். அதனால் அங்கே நடந்ததைத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தங்கச்சி அம்மாவின் கையைக் கிள்ளியிருக்கிறாள். இரண்டு வரிசை முன்னால் சஃபாரி சூட்டில் உட்கார்ந்திருந்தது காது டாக்டர். ஜுவாலஜியில் ஒரு டவுன்ஷிப் பொண்ணு படித்தாள், ஆபீசர்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து வருவாள் என்பது எனக்குத் தெரியும். யார் பொண்ணு என்பதெல்லாம் தெரியாது. ஆபீசர் வீட்டுப் பெண்களிடம் எங்கள் மாதிரிப் பையன்கள் விசாரிப்பதில்லை.

அம்மா உடனே அப்பாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் பார்த்துவிட்டார். பஸ்ஸில் இருந்த ஆள் போய் மறுபடி கல்லுப்பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். செவிடனுக்குக் கைதட்டும் சத்தம் கேட்காது, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். எப்போது தட்டலாம் என்று அம்மா கையை அழுத்திச் சொன்னாளாம். அப்பா ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு வினாடி தாமதமாகத் தட்டியிருக்கிறார். அவ்வளவு கச்சிதமாக நடித்தார் என்று தங்கச்சி சொன்னாள்.

பேர் படிப்பதற்கு ஒரு லெக்சரர். அவருக்கு எப்போதுமே சவசவ என்ற குரல். மைக் இருந்ததால் சமாளித்துக்கொண்டிருந்தார். பிசிக்ஸ் ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போனது. நாடு முழுக்கக் கரண்ட் அனுப்புகிற ஊர்க்காரன் பட்டம் வாங்க வந்தால் கரண்ட் கட். மின்விசிறி நின்றது, மைக் செத்தது, ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சிநிரலை மடித்து விசிறிக்கொள்ளும் சத்தம் மட்டுமே மழை மாதிரி இருந்தது. லெக்சரர் நிறுத்தவில்லை. வெளிச்சம் போதாமல் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டே போனார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவன் மேடை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அடுத்து நான்தான் என்று தெரியும், ஆனால் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். முதல்வர் கையில் சுருட்டிய சர்டிபிகேட்டோடு நிற்கிறார். லெக்சரர் தாளுக்குப் பின்னால் ஏதோ சொல்கிறார். யாரும் வரவில்லை. மறுபடி சொல்கிறார். முதல்வர் அந்தச் சர்டிபிகேட்டை ஓரமாக மேஜையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுக்கிறார்.

அப்போது பின்னால் இருந்து அந்த இரைச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. டர்பைனுக்கு மேல் கத்திப் பழகிய குரல்.

"டேய், உன் பேரத்தான்டா கூப்புடுறாங்க. ரெண்டு வாட்டி கூப்புட்டாச்சு. ஏறு."

நான் ஏறினேன். கை கொடுத்தேன், வாங்கினேன், திரும்பினேன். மேடையிலிருந்து பார்த்தபோது அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை முன்னால் சஃபாரி சூட் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அப்பா உட்காரவில்லை. நான் கீழே இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

விழா முடிந்து வராந்தாவில் நின்றபோது டாக்டர் தன் பெண்ணோடு எங்களை நோக்கி வந்தார். நல்ல மனுஷன் என்று டவுன்ஷிப்பில் பேர். எனக்குக் கை கொடுத்தார், மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார். நான் ஏதோ உளறினேன். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று அப்பாவின் காதருகே போய், "டாக்டரு வந்திருக்காருங்க, டாக்டரு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. போதும், விடு என்பது மாதிரி.

"கத்தாதீங்கம்மா" என்றார் டாக்டர், ரொம்பத் தணிவாக. "தொண்ட புண்ணாயிரும்."

அப்பாவின் தோளில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் போட்ட திட்டப்படி ஸ்டுடியோவில் போட்டோ, பிறகு ஓட்டலில் சாப்பாடு, பிறகு தேவனாம்பட்டினம் கடற்கரை. ஸ்டுடியோவை யாரும் நினைக்கவில்லை, அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓட்டலில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சிக்காகக் கடற்கரைக்கு மட்டும் போனோம். கொளுத்துகிற வெயிலில் மணலில் உட்கார்ந்தோம்.

தங்கச்சிதான் முதலில் பேசினாள். "அப்பா ஒதட்டப் பாத்துக் கண்டுபுடிச்சாருன்னு சொல்லிரலாம்மா. காது கேக்காதவங்க அப்புடித்தான கண்டுபுடிப்பாங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அது நல்ல வழியாகவே தெரிந்தது. நான்கூட மனசுக்குள் வாக்கியம் அமைத்தேன்.

"அந்தாளு மூஞ்சி முழுக்கத் தாள வச்சு மறைச்சுக்கிட்டுல்ல படிச்சாரு" என்றார் அப்பா. "ஒதட்ட எங்க பாக்குறது."

அத்தோடு அது முடிந்தது. அலை வந்து வந்து போனது. இரைச்சலான இடம், யாரும் தெரிந்தவர்கள் இல்லை, அப்பா எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பேசவில்லை. திரும்பி வரும்போது குள்ளஞ்சாவடிக்கு இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை.

பக்கத்து மாமா வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததை நான் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணே, அந்தக் காயிதம் எங்க பூடப் போவுது? தபால்லன்னா அனுப்பிச்சிருப்பானுங்க. வேல தபால்ல வருமா?" என்றார். "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் பொறுத்துகினு இருந்திருந்தா அவன் வாழ்க்க முச்சூடும் பெர்மனென்ட்."

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்காதவர் மாதிரி. மாமாவுக்குக் கோபம் வந்து, "எங்கிட்டயே நடிக்கிறீங்களா" என்று எழுந்து போனார். அன்று செய்தி நேரத்தில் அவர் வீட்டு ரேடியோ சத்தம் எங்கள் சுவருக்கு வரவில்லை.

போர்டு நாளில் அப்பாவோடு நான் போனேன். வெளியே பெஞ்சில் வரிசையாக ஆட்கள், பக்கத்தில் பக்கத்தில் அவரவர் பையன்கள். ஒருத்தர் கையை நீட்டி நடுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். ஒருத்தர் நிஜமாகவே மூச்சுவிட முடியாமல் இருந்தார், அவர் பையன் முகத்தில்தான் கொஞ்சம் தெம்பு இருந்தது. நான் அந்தப் பையனைப் பொறாமையோடு பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இல்லை, அங்கே உட்கார்ந்திருந்த எவனும் அப்படித்தான் பார்த்திருப்பான்.

அப்பா உள்ளே போய்ச் சீக்கிரமே வந்துவிட்டார். என்னப்பா என்று கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்தார். பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்.

"ஃபிட்டாம். 'இந்த வயசுல இவ்ளோ நல்ல காது கெடைக்கிறது பெரிய விஷயம், சந்தோஷமா போங்க'ன்னாரு அந்தக் காது டாக்டரு."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"சரிங்க சார்னேன்."

விழாவில் பார்த்ததைப் பற்றி டாக்டர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்திருந்தால் ஏமாற்றப் பார்த்தார் என்று எழுதி இருக்கிற வேலைக்கே உலை வைத்திருக்கலாம். நாங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பக்கத்து மாமாவே பிறகு சொன்னார். நன்றியாகத்தான் இருந்தோம். எங்கள் வாழ்க்கையை முடித்துவைத்த ஆளைத் திட்டக்கூட முடியாத ஒரு நன்றி.

இனிமேல் நடிக்க வேண்டியதில்லை. கத்த வேண்டியதில்லை. குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆகவில்லை. அம்மாவுக்கு மெதுவாகப் பேசவே வரவில்லை. ஆரம்பிக்கும்போதே குரல் ஏறிவிடும், பிறகு ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திவிடுவாள், நிறுத்தியதை மறுபடி சொல்லவும் மாட்டாள். அப்பா ரேடியோவைத் தொடவில்லை. தங்கச்சி கையிலிருந்து ஒருநாள் நிஜமாகவே தாம்பாளம் நழுவி விழுந்தது. சமையல்கட்டே அதிர்ந்தது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். 

கூப்பிட்டால் சில சமயம் திரும்புவார், சில சமயம் திரும்ப மாட்டார். ஷிப்ட்டுக்குப் போவார், வருவார், குளிப்பார், சாப்பிடுவார். கேட்கவில்லையா, கேட்க இஷ்டமில்லையா என்று கண்டுபிடிக்க எந்த டாக்டராலும் முடியாது.

நான் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தேன். அங்கே எனக்கு முன்னால் நின்றவன் எம்.எஸ்ஸி. டைப்ரைட்டிங் ஹையரில் மறுபடி கோட்டை விட்டேன். மெட்ராஸுக்கு இரண்டு இன்டர்வியூ போய் வந்தேன், இரண்டு தடவையும் எக்ஸ்பீரியன்ஸ் என்ன என்று கேட்டார்கள். செவிடனுக்குப் பிள்ளையாக இருந்த எக்ஸ்பீரியன்ஸ்தான் என்னிடம் இருந்தது. அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் நெருங்க நெருங்க, வீட்டில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்து இதை எடுத்துப் போக முடியுமா, விற்றுவிடலாமா என்று அம்மா தனக்குள் பேச ஆரம்பித்தாள். அதை மட்டும் மெதுவாகப் பேசினாள்.

கடைசியில் பக்கத்து மாமாவே ஒரு காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார். தெர்மலில் சாம்பல் அள்ளும் வேலை. அப்பா நிற்கிற அதே தெர்மல்தான், ஆனால் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் வேறு, கேன்டீன் வேறு, பாஸ் வேறு. பெர்மனென்ட் ஆவது என்ற பேச்சே கிடையாது. குவார்ட்டர்ஸும் கிடையாது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். எட்டாவது என்றேன். டிகிரி என்றால் நாலு நாளில் ஓடிவிடுவான் என்று எடுக்க மாட்டார்களாம், மாமா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். சாயந்தரம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன், காண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டேன் என்றேன். எட்டாவது என்று சொன்னதையும் சொன்னேன். சாதாரணமான குரலில்தான் சொன்னேன். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை, முகமும் மாறவில்லை.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, பழைய மாதிரி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "பையன் வேலைக்குச் சேர்ந்துட்டானாங்க. காண்ட்ராக்ட்டு. சாம்பல் அள்ளுறது."

அப்பா அடுத்த கவளத்தை எடுத்தார். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"கேட்டுச்சு" என்றார் அப்பா. "அவன் சொன்னப்பவே கேட்டுச்சு."

அம்மா அவர் தட்டில் மோரை ஊற்றினாள்.